பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் மரப் புடைப்புச் சிற்பம்: எந்த மரத்தில் தொடங்குவது?

கேள்வி:
இளமையில் விரும்பிப் பழகிய மரப் புடைப்புச் சிற்பக் கலையை (பலகைப் பரப்பிலிருந்து உருவம் மேலெழும்படி செதுக்குவது), பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் தொடங்க விரும்புகிறேன். தேக்குப் பலகையில் தாமரைக் கொடி ஒன்றைச் செதுக்க எண்ணம். மரம் பொருத்தமானதா, நெடுங்காலம் கிடந்த உளிகளை எப்படித் தயார்செய்வது என அனுபவமுள்ளோர் கூறினால் நன்றியுடையேன்.

பதில் 1:
தேக்கைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. அதிலுள்ள சிலிக்கா உளியின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும். குமிழ மரம் இலேசானது, கைக்கு இணங்குவது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களை நேரில் பார்த்து வந்தால் ஊக்கம் பிறக்கும்.

பதில் 2:
உளியைத் தீட்டியதும், விளிம்பில் எழும் மெல்லிய உலோகப் பிசிரைத் தோல்வாரில் தேய்த்து நீக்கிவிட்டு, கழிவுக் கட்டையில் ரேகைக்கு (மரநார் ஓடும் திசைக்கு)க் குறுக்காக ஒரு கீற்று வெட்டிப் பாருங்கள். தடம் பளபளவென்று இருந்தால் போதும். நார் கிழிந்து வெளிறித் தெரிந்தால் மீண்டும் தீட்ட வேண்டும்.

பதில் 3:
தாமரை நல்ல தேர்வு. முதலில் பின்புலத்தைத் தாழ்த்துங்கள். பிறகு, அடியில் இருக்கும் இதழ்களை மேலிதழ்களைவிடத் தாழ்த்தி, அதன்பின்னரே வளைவுகளைத் திருத்துங்கள். ஓரங்களுக்கு அடியில் குடைவதை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கடைசிவரை ஒத்திப்போடுங்கள். அடியில் தாங்கி நிற்கும் மரத்தை முன்பே எடுத்துவிட்டால் மெல்லிய இதழ் நுனி ரேகைவாக்கில் உடைந்துவிடும்.