பாறையையும் கான்கிரீட்டையும் அடித்து உடைக்கும் ஜாக் ஹாமர் மிஷினைப் பிடித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

தாராபுரத்தான்:
பிளஸ் டூ முடித்த கையோடு ஆறு மாதம் கிணறு வெட்டும் செட்டோடு சுற்றினேன். காற்றை அழுத்தி அனுப்பும் டிராக்டர் கம்ப்ரசர் மேலே நிற்கும், ரப்பர் ஹோஸ் கிணற்றுக்குள் இறங்கும், கீழே பாறையில் வெடி வைக்கத் தமர், அதாவது துளை, போடுவதுதான் எங்கள் வேலை. மிஷின் 20 கிலோவுக்குப் பக்கம் வரும். முதல் நாள் கையில் கொடுத்ததும் காளையை அடக்குகிறவன் மாதிரி உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினேன். துளை போடும் இரும்புக் கம்பியான ராடு பாறைக்குள் சிக்கிக்கொண்டது, ராடு நின்றுவிட்டதால் மிஷினே எதிர்ப்பக்கம் சுற்றி, கைப்பிடி என் முழங்கையில் விட்டது ஒரு அடி. உருவி எடுக்க அரைநாள். மேஸ்திரி திட்டவில்லை. "தம்பி, அடிக்கிறது காத்து. நீ சாயாம பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார்.

அப்புறம் ஒருநாள் ரிப்பேருக்குக் கழற்றியபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு பிஸ்டன், ஒரு வால்வு, அவ்வளவுதான் சமாச்சாரம். காற்று மேலே இருந்து பிஸ்டனைத் தள்ளும், அது ராடின் தலையில் அடிக்கும், உடனே வால்வு மாறிக் காற்று கீழ்ப்பக்கம் வந்து பிஸ்டனைத் திரும்ப ஏற்றும். நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் அடிக்கும். ஏறும்போதெல்லாம் முறுக்குப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு ராடைக் கொஞ்சம் திருப்பிவிடும், அதனால்தான் துளை வட்டமாக விழுகிறது. குட்டை ராடில் ஆரம்பித்து நீள ராடுக்கு மாறுவோம். நீள ராடின் முனை மயிரிழை சிறுத்திருக்கும், இல்லாவிட்டால் பழைய துளைக்குள் இறங்காது. ஒரே ஒரு சுகம், சித்திரை வெயிலில் மிஷினிலிருந்து வெளியேறும் காற்று ஜில்லென்று முகத்தில் அடிக்கும், அழுத்தம் விடுபட்டு விரிகிற காற்று குளிர்ந்துதான் வரும்.

நாலாம் மாடி:
எனக்கு அனுபவம் என்றால் காதால்தான்! மேல்வீட்டில் பாத்ரூம் இடித்தார்கள், ஒன்பது நாள். அடுத்த வருடம் எங்கள் பாத்ரூமை இடிக்க வேண்டி வந்தது, கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வந்த பையன் கம்ப்ரசர் எதுவும் கொண்டுவரவில்லை, சும்மா பிளக்கில் சொருகினான். கேட்டதற்கு, இதில் மோட்டார் ஒரு பிஸ்டனை ஆட்டுகிறது, நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அழுந்தி இன்னொரு இரும்பைத் தள்ளி உளியில் அடிக்க வைக்கிறது, உளி சுற்றாது, அடி மட்டும்தான் என்றான். நான் நடுத்தரையைக் காட்டினேன். அவனோ சிரித்துவிட்டு ஓரத்துக்குப் போய் நாலு விரல் உள்ளே உளியை வைத்தான், பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அமுக்கினால் தாங்கும் கான்கிரீட், பிளந்தால் தாங்காது. பிளந்துபோக ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டுமாம்.

சைட்டுக்காரன்:
தாராபுரத்து அண்ணே, தண்ணி விட்டு அடித்தீர்களா, காய்ந்த பாறையிலா? 1897 வாக்கில் அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த லெய்னர் என்பவர் ராடின் நடுவே ஓட்டை போட்டு, காற்றை ஊதித் தூளை வெளியே தள்ளும் டிரில் கொண்டுவந்தார். வேகமாகத் துளைத்தது, ஆனால் சுரங்கத்து ஆட்கள் அந்தப் புழுதியில் நிற்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம்தான் காற்றோடு தண்ணீரையும் சேர்த்து அனுப்பினார். பாறைத்தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் அந்தக் கேட்டைச் சரிசெய்ய மருந்து கிடையாது. எங்கள் சைட்டில் உடைக்கும்போது ஒருவன் பக்கத்தில் ஹோஸோடு நின்று தண்ணி அடித்தே ஆக வேண்டும், காதுக்கு மஃப் இல்லாதவனை மிஷின் பக்கம் விடுவதில்லை.

தாராபுரத்தான்:
தண்ணியா, கிணறு தோண்டுவதே தண்ணி இல்லாமல்தானே தம்பி! மூக்கில் ஈரத்துண்டு கட்டுவோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் மேலே ஏறினால் புருவம் வெள்ளையாக இருக்கும். நான் ஆறு மாதத்தில் ஓடிவிட்டேன். மேஸ்திரி இருபது வருடம் பிடித்தார். போன பொங்கலுக்குப் பார்க்கப் போனேன், மாடிப்படி ஏறாமல் திண்ணையிலேயே கட்டில் போட்டிருந்தார். இத்தனை வருடம் மிஷினின் அதிர்வு வாங்கிய கையில், மார்கழிக் குளிர் வந்தால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறதாம், சட்டைப் பொத்தானை மருமகள்தான் போட்டுவிடுகிறாளாம்.