ஜேலிஸ்ட்டில் இழுத்து விடும் உருப்படி தவறான இடத்தில் அமர்கிறது

கேள்வி:
வணக்கம். ஜாவாவில் திரைச் சாளரங்களை உருவாக்கும் ஸ்விங் தொகுப்பின் ஜேலிஸ்ட் (JList) என்ற பட்டியல் கூறில் உருப்படிகளை இழுத்து வரிசை மாற்றும் வசதியை எழுதி வருகிறேன். உருப்படியை விடும்போது அழைக்கப்படும் இம்போர்ட்டேட்டா (importData) செயல்கூறில் புதிய இடத்தில் சேர்த்து, இழுத்தல் முடிந்ததும் அழைக்கப்படும் எக்ஸ்போர்ட்டன் (exportDone) செயல்கூறில் பழைய இடத்திலிருந்து நீக்குகிறேன். மேலிருந்து கீழே இழுத்தால் சரியாக வருகிறது. ஆனால் அ, ஆ, இ, ஈ, உ என்ற பட்டியலில் 'ஈ'யை எடுத்து 'ஆ'வின் மீது விட்டால், அ, ஈ, ஆ, ஈ, உ என்று ஆகிவிடுகிறது. 'இ' காணாமல் போகிறது. கடைசி உருப்படிக்குக் கீழே விட்டாலும் அதற்கு மேலேயே போய் அமர்கிறது. விட்ட இடத்தை லொக்கேஷன்டுஇன்டெக்ஸ் (locationToIndex) செயல்கூறு மூலம் அறிகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
உருப்படிகளின் எண்கள் 0-இலிருந்து தொடங்குகின்றன. நீங்கள் 1-ஆம் எண்ணில் 'ஈ'யைச் சேர்த்தவுடன், 3-இல் இருந்த பழைய 'ஈ' 4-க்கு நகர்ந்துவிடுகிறது. அதன் பிறகும் 3-ஐயே நீக்குவதால்தான், அங்கு வந்து நிற்கும் 'இ' பலியாகிறது. சேர்த்த இடம் பழைய இடத்துக்கு மேலே இருந்தால், நீக்கும் எண்ணோடு 1 கூட்டுங்கள். கீழ்நோக்கி இழுக்கும்போது பழைய எண் அசைவதில்லை என்பதால் அங்கே பிழை தெரியவில்லை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. எனினும் அடிப்படைச் சிக்கல் வேறு என்று கருதுகிறேன். விடும் இடம் என்பது உருப்படி அன்று, இரண்டு உருப்படிகளுக்கு இடையிலான இடைவெளி. 5 உருப்படிகளுக்கு 0 முதல் 5 வரை 6 இடைவெளிகள் உண்டு. லொக்கேஷன்டுஇன்டெக்ஸ் தருவதோ மிக அருகிலுள்ள உருப்படியின் எண். வெற்றிடத்தில் விட்டாலும் 4 என்றே சொல்லும், 5 என்று ஒருபோதும் சொல்லாது. ஆகவே அதைக் கைவிட்டு, செட்டிராப்மோட் (setDropMode) மூலம், இடைவெளியில் விடும் முறையான டிராப்மோட்.இன்சர்ட்டை (DropMode.INSERT) அமைத்து, விட்ட இடத்தைக் குறிக்கும் ஜேலிஸ்ட்.டிராப்லொக்கேஷன் (JList.DropLocation) தரும் எண்ணைப் பயன்படுத்துங்கள். ஜாவா 6 முதலே இவை உள்ளன. விழப்போகும் இடத்தில் கோடும் தெரியும். ஒட்டுதல் (paste) வழியாகவும் இம்போர்ட்டேட்டா அழைக்கப்படலாம் என்பதால், இது இழுத்து விட்டதுதானா என்று சொல்லும் இஸ்டிராப்பை (isDrop) முதலில் சோதிக்க மறவாதீர்கள். இல்லையேல், விட்ட இடத்தைக் கேட்கும் கெட்டிராப்லொக்கேஷன் (getDropLocation) விதிவிலக்கை (exception என்ற இயக்கப் பிழையை) எறியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, இரண்டு பிழைகளும் நீங்கின. ஒரே நேரத்தில் பல உருப்படிகளைத் தேர்ந்து இழுத்தால் கணக்கு எப்படி?

பதில் 2:
ஒரே பட்டியலுக்குள் என்றால், முதலில் நீக்கிவிட்டுப் பிறகு சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண் நோக்கி நீக்குங்கள். அப்போது மீதமுள்ள எண்கள் கலையா. பிறகு, விட்ட இடைவெளிக்கு மேலே இருந்தவற்றில் எத்தனை நீங்கினவோ, அத்தனையை இடைவெளி எண்ணிலிருந்து கழியுங்கள். 'அ', 'இ' இரண்டையும் 4-ஆம் இடைவெளியில் விட்டால், இரண்டும் நீங்கியபின் ஆ, ஈ, உ எஞ்சும். 4-இல் 2 போக 2-இல் சேர்த்தால் ஆ, ஈ, அ, இ, உ கிடைக்கும். நீக்கும் வேலை இம்போர்ட்டேட்டாவிலேயே முடிந்துவிடுவதால், அது முடிந்ததென்று ஆம்/இல்லை என்று மட்டும் காக்கும் ஒரு பூலியன் மாறியில் குறித்துவைத்து, எக்ஸ்போர்ட்டன் மீண்டும் நீக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.