13 இன்ச் லேப்டாப்புக்குச் சின்ன மெசஞ்சர் பை: எதைப் பார்த்து வாங்குவது?

கிண்டி_ஷட்டில்:
வணக்கம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்குத் தினமும் மின்சார ரயில். லேப்டாப் மேக்புக் ஏர் எம்2, 13.6 இன்ச். இருக்கிற பேக்பேக் 15.6 இன்ச்சுக்கானது, லேப்டாப் அதற்குள் அங்குமிங்கும் ஆடுகிறது, போதாததற்குக் காலை வண்டியில் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினால் பின்னால் நிற்பவர் முறைக்கிறார். தோளில் குறுக்காக மாட்டுகிற சின்னப் பை வேண்டும். லேப்டாப், சார்ஜர், நோட்டு, லிட்டர் பாட்டில், மடக்குக் குடை, முடிந்தால் டிபன் பாக்ஸ். இரண்டாயிரத்துக்குள், ஐப்பசி மழைக்கு முன்னால்.

கறுப்பு_நூல்:
முதலில் இன்ச்சை மறந்துவிடுங்கள், அது திரையின் மூலைக்கு மூலை அளவு. உங்கள் ஏர் 30.4 செ.மீ.க்கு 21.5, தடிமன் 1.1 செ.மீ.தான். பையின் உள் அறை 32க்கு 23 இருந்தால் போதும். ஆனால் விற்பவர்கள் பெரும்பாலும் வெளி அளவைத்தான் போடுவார்கள், அதில் ஸ்பாஞ்ச் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் வெளியே 35 வாக்கில் பாருங்கள். 38ஐத் தாண்டினால் அது சின்னப் பையே இல்லை.

அதைவிட முக்கியம் அடிப்பாகம். மலிவான பைகளில் முன்னும் பின்னும் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டு அடியில் வெறும் துணியை விட்டிருப்பார்கள். பையைக் கீழே வைத்தால் லேப்டாப்பின் விளிம்புதான் தரையில் இடிக்கும். கடையில் பையை மேஜைமேல் நிறுத்தி, லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடிவரை அழுத்திப் பாருங்கள், மேஜை கெட்டியாகத் தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல பையில் அந்த அறை அடித்துணியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே தொங்கும்.

மழைக்காலன்:
'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பதை நம்பி லேப்டாப்பை வைக்காதீர்கள். துணி தாங்கினாலும் ஜிப்பும் தையலும் தாங்காது. மேல் மடல் ஜிப்பை முழுக்க மூடி இரண்டு பக்கமும் இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பையே அமெரிக்க நகரங்களில் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவர்கள் மாட்டிக்கொண்டது (சான்பிரான்சிஸ்கோவின் டிம்பக்2 கம்பெனியை 1989இல் தொடங்கியவரே ஒரு சைக்கிள் மெசஞ்சர்தான்), அந்த அகலமான மடல் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. இப்போது ஆபீஸ் பை என்று விற்பதில் மடலைக் குட்டையாக்கிப் பெயரை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ரெக்ஸின் வேண்டவே வேண்டாம். சென்னை ஈரத்துக்கு மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து சட்டையெல்லாம் கறுப்புப் பொடியாகும். கான்வாஸ் பார்க்க அழகு, நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. நைலான் எடுங்கள். எதை எடுத்தாலும் மழை நாளில் லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பதுதான் உத்தரவாதம்.

தோள்வலி_தோழர்:
எல்லாம் சரி, எடையை யாரும் கேட்கவில்லையே? லேப்டாப் 1.24 கிலோ, நிரப்பிய லிட்டர் பாட்டில் ஒரு கிலோவுக்கு மேல், சார்ஜர், குடை, டிபன் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும், அத்தனையும் ஒரே தோளில். ஜோல்னா பை மாட்டிய எழுத்தாளர்கள் கவிதைத் தொகுப்பு தூக்கினார்கள், லிட்டர் பாட்டில் தூக்கவில்லை. பாட்டிலை அரை லிட்டராக்குங்கள். வார் ஐந்து செ.மீ. அகலமாவது இருக்கட்டும், கொக்கி பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் உடைவது அதுதான். டிபன் பாக்ஸுக்குத் தனிப் பை. சாம்பார் எந்த ஸ்பாஞ்சையும் மதிக்காது.

கிண்டி_ஷட்டில்:
நன்றி எல்லோருக்கும். டிபன் தனிப் பைக்குப் போய்விட்டது. பாரிமுனைப் பக்கம் நைலானில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வெளி அளவு 35, மடல் நன்றாக இறங்குகிறது, அடியிலும் ஸ்பாஞ்ச் இருக்கிறது. ஆனால் சார்ஜருக்கு முன்பக்கம் நடுவில்தான் பாக்கெட், பரவாயில்லையா?

கறுப்பு_நூல்:
நடுவில் வேண்டாம். கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் சார்ஜர் நேராகத் திரையை அழுத்தும். அதில் நோட்டை வையுங்கள், சார்ஜரைப் பக்கவாட்டில் குடையோடு செருகிவிடுங்கள். பக்கவாட்டில் இடம் இருந்தால் தாராளமாக வாங்கலாம், அப்படியே வார் பையோடு சேரும் இடத்தில் தையலைச் சதுரக் கட்டமாக, நடுவில் குறுக்குக் கோடுகளோடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஒற்றைத் தையல் என்றால் பேரம் பேசிக் குறைத்து வாங்கி, தெருமுனை செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.