ஹார்டுவேர் வாலட்டை ஆப்போடு இணைத்தபோது: கீழக்கரை, மண்டபம், தொண்டி அனுபவங்கள்

கீழக்கரையிலிருந்து:

துபாயில் வேலை பார்க்கும் என் காக்கா (அண்ணன்) லீவுக்கு வந்தபோது, கிரிப்டோ பணத்தின் ரகசியச் சாவியைப் பூட்டி வைக்கும் சின்னக் கருவியான தன் ஹார்டுவேர் வாலட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வீட்டு லேப்டாப்பில், பிரவுசரில் ஓடும் மெட்டாமாஸ்க் என்ற வாலட் ஆப்பைப் போட்டு, கருவியை அதோடு இணைத்தோம். பின் நம்பர் அடித்தார், கருவியில் எத்தீரியம் (அவர் பணம் இருந்த கிரிப்டோ நெட்வொர்க்) ஆப்பைத் திறந்தார், கணக்குப் பட்டியலும் வந்தது. ஆனால் வரிசையாக எல்லாமே பூஜ்யம். பல வருடச் சேமிப்பு அது. மனுஷனுக்கு முகமே வெளுத்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு டெலிகிராம் குழுவில் விஷயத்தைப் போட்டுவிட்டார். உடனே 'சப்போர்ட்' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தனி மெசேஜில் வந்தான். "வாலட் சின்க் ஆகவில்லை, இந்த லிங்க்கில் போய் 24 சொற்களையும் அடியுங்கள்" என்றான். அந்தச் சொற்கள்தான் வாலட்டின் மூலச் சாவி. காக்கா அவற்றை எழுதிய தாளைத் தேடி எழுந்தேவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விஷயம் இதுதான். அதே 24 சொற்களிலிருந்து எத்தனையோ கணக்குகளை உருவாக்கலாம். எந்தக் கணக்கு வரும் என்பதை முடிவு செய்வது டெரிவேஷன் பாத், அதாவது சொற்களிலிருந்து கணக்கை எடுக்கும் வழி. காக்கா ஆரம்ப காலத்தில் மையீதர்வாலட் என்ற தளம் வழியாகக் கணக்குத் தொடங்கியவர்; அது பழைய பாத். மெட்டாமாஸ்க் தேடியது 'லெட்ஜர் லைவ்' என்ற பாத்தில்; இந்த வாலட்டைத் தயாரிக்கும் லெட்ஜர் கம்பெனியின் ஆப் பயன்படுத்துவது அது. அதாவது ஊர் சரி, தெரு மாறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறோம். கணக்குத் தேர்வு செய்யும் பக்கத்திலேயே மேலே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'லெகசி' (பழையது) என்பதைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய பழைய முகவரி, பணத்தோடு வந்து நின்றது.

ஆப்பில் பணம் தெரியவில்லை என்றால் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது, சாவி கருவிக்குள் இருக்கிறது. ஆப் எட்டிப் பார்க்கும் ஜன்னல், அவ்வளவுதான். இணைக்கும்போது சாவி வெளியே வராது. ஆப் பரிவர்த்தனையை அனுப்பும், கருவி உள்ளேயே கையெழுத்துப் போட்டுக் கையெழுத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும். அதனால் கருவியை இணைப்பதற்காக 24 சொற்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்தான்.

மண்டபத்திலிருந்து:

எங்கள் பக்கம் பிரச்சினை அதற்கும் முன்னாடியே வந்துவிடும். கருவி 'கனெக்ட்' ஆகவே ஆகாது. பாதி நேரம் குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் திரை எரியும், டேட்டா போகாது. உப்புக்காற்றில் யூஎஸ்பி போர்ட்டும் பச்சை பூத்துவிடுகிறது. கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால், வாலட்டின் சொந்த ஆப் பின்னால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கருவியைப் பிடித்து வைத்திருந்தால் மெட்டாமாஸ்க்குக் கிடைக்காது. பயர்பாக்ஸ் பிரவுசரில் கருவியோடு பேசும் வெப்ஹெச்ஐடி வசதி இல்லை, அதனால் குரோம் அல்லது பிரேவ் வழியாகப் போவது நல்லது.

தொண்டியிலிருந்து:

இணைந்த பிறகுதான் உண்மையான கவனம் வேண்டும். என் மைத்துனர் ஒரு தளத்தில் வாலட்டை இணைத்து, வட்டி தருகிறார்கள் என்று டோக்கனை (கிரிப்டோ நாணயம்) போடப் போனார். லேப்டாப்பில் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. கருவியின் சின்னத் திரையில் புரியாத எண்ணும் எழுத்துமாக ஒரு ஹேஷ் மட்டும். பிளைண்ட் சைனிங்கை, அதாவது விவரம் பார்க்காமலே கையெழுத்துப் போடும் வசதியை, ஆன் செய்யச் சொன்னது. "மாப்ள, என்னவென்று தெரியாமல் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன். ரிஜெக்ட் செய்துவிட்டார்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 14 அன்று, பல தளங்கள் பயன்படுத்திய லெட்ஜர் கனெக்ட் கிட் என்ற இணைப்பு நிரலுக்குள் திருட்டு நிரலைப் புகுத்திவிட்டார்கள். கருவிகளை யாரும் உடைக்கவில்லை, இணைப்புப் பாலத்தில்தான் கை வைத்தார்கள். சுமார் 6 லட்சம் டாலர் போனது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் போனது ஏறக்குறைய 150 கோடி டாலர். அங்கேயும் கையெழுத்துப் போட்டவர்கள் ஹார்டுவேர் வாலட் வைத்திருந்தவர்கள்தான். கம்ப்யூட்டர் திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது, கையெழுத்தானது வேறொன்று. கருவியின் திரை காட்டுவதை மட்டும் நம்புங்கள். முகவரியின் முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அப்படி ஒத்துப்போகிற போலி முகவரிகளை உருவாக்குகிறார்கள். முழுசாகப் படியுங்கள்.

கீழக்கரையிலிருந்து, மறுபடியும்:

தொண்டி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் 'டிஸ்கனெக்ட்' அழுத்தினால் முன்பு கொடுத்த டோக்கன் அனுமதி (உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள அந்தத் தளத்துக்குக் கொடுத்த உரிமை) ரத்தாகிவிடும் என்று காக்கா நினைத்திருந்தார். ஆகாது. அனுமதி பிளாக்செயினில் அப்படியே இருக்கும். எத்தீரியம் கணக்குகளைப் பார்க்க உதவும் ஈதர்ஸ்கேன் தளத்தில், டோக்கன் அப்ரூவல் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் யார் யாருக்கு எவ்வளவு அனுமதி என்று தெரியும். வேண்டாததைத் தனித்தனியாக ரிவோக் (ரத்து) செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கேஸ் எனப்படும் நெட்வொர்க் கட்டணம் கொஞ்சம் ஆகும், அதையும் கருவியில் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.