புதுப்பிப்பு: பூனை ஒளித்து வைத்த பொருள்கள் கிடைத்துவிட்டன

எங்கள் வீட்டுப் பூனை தலைமுடி ரப்பர் பேண்ட், பேனா மூடி, அலமாரிச் சாவி எனக் கிடைத்ததையெல்லாம் கவ்விச் சென்று மறைக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் நன்றி.

கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அடியில் தேடியதில் தூசிதான் கிடைத்தது. சோபாவைக் கவிழ்த்து அடித்துணி கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. கிழிசலுக்குள் சாவியோடு, தொலைந்ததையே நாங்கள் அறியாத ஒரு கொலுசுத் திருகும் இருந்தது.

எதிர்பாராத ஒன்று: சில ரப்பர் பேண்டுகள் கடிபட்டுத் துண்டாகியிருந்தன. நூல், ரப்பர் போன்ற நீண்ட பொருள்களை விழுங்கினால் குடல் சுருங்கி அடைபடவும் கிழியவும் கூடும் என்பதால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். இவை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று கூறி, அவர் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார், நல்லவேளையாக ஒன்றுமில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் அதை இழுக்கவே கூடாது என்றும், வாந்தியும் உணவு மறுப்பும் இருந்தால் காத்திருக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

பூனைகளின் வேட்டை உணர்வு அந்தியிலும் விடியலிலும் மிகுவதால், மாலையில் இறகு கட்டிய குச்சியால் களைக்கும்வரை விளையாட்டுக் காட்டி, முடிந்ததும் உணவு வைக்கிறோம். திருட்டு வெகுவாகக் குறைந்துள்ளது. மணி கட்டும் யோசனை மட்டும் உதவவில்லை. கட்டுவதற்கு ஆள் கிடைத்தும், அது கழற்றிவிட்டது. ரப்பர் பேண்டுகள் இப்போது மூடியுள்ள டப்பாவில் இருக்கின்றன.