இங்கிலாந்துப் பழைய பண்ணை வீடு: களஞ்சியச் சுவரில் எதற்கு இத்தனை ஓட்டைகள்?

நாரிச்வாசி:
நார்ஃபோக்கில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு செங்கல் பண்ணை வீட்டைப் பார்த்தோம், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள். முன்சுவரில் ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்காக என்று ஒவ்வொரு வரிசையும் அவ்வளவு அழகு, பின்சுவரில் அந்த ஒழுங்கு இல்லை. வீட்டைவிடப் பெரிய செங்கல் களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது. பாரவண்டி நுழையும் அளவுக்கு எதிரெதிரே இரண்டு கதவுகள், சுவர் முழுக்கச் சின்ன ஓட்டைகள். அவற்றை அடைத்து, சிமெண்ட் பூசி, குடியிருக்கும்படி மாற்றலாமா?

செங்கல்பித்தன்:
தயவுசெய்து அடைக்காதீர்கள்! அது வெறும் கிடங்கு இல்லை, களமே அதற்குள்தான் இருந்தது. மழைக்குப் பயந்து கதிரை உள்ளே கொண்டுவந்து இரு பக்கமும் அடுக்கிவிடுவார்கள், அப்புறம் குளிர்காலம் முழுக்க நடுவிலுள்ள தளத்தில் தடியால் அடிப்பார்கள், இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும், அதில் தூற்றினால் பதர் பறந்துவிடும். ஓட்டைகள் கதிர் புழுங்காமல் இருக்க. சுவரின் முக்கோண உச்சியில் தனியாக ஒரு ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் ஆந்தை வந்துபோக, எலி பிடிக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது.

முன்சுவரில் நீங்கள் பார்த்த, நீளமும் குறுக்கும் மாறிமாறி வரும் அந்த அடுக்குக்கு ஃப்ளெமிஷ் பாண்டு என்று பெயர். நல்ல கல்லையும் நல்ல கொத்தனாரையும் பார்வைக்குப் படும் பக்கத்தில் செலவழித்தார்கள், அவ்வளவுதான். முடிந்தால் நார்ஃபோக்கிலேயே லாடன் ஊர்ப் பக்கம் ஹேல்ஸ் ஹால் களஞ்சியத்தைப் பாருங்கள். மன்னர் ஏழாம் ஹென்றியின் அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் ஹோபர்ட் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது, முழுக்கச் செங்கல், 180 அடி நீளம் இருக்கும். எனக்கு அரண்மனைகளைவிட அதுதான் பிடிக்கும்.

சுண்ணாம்புக்காரன்:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் மென்மையானது, அதில் ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் வெளியேறுகிறது. சிமெண்ட் வைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் விரிந்து, கல்லின் முகம் பொரிந்து உதிரும். வீடு லிஸ்டட் கட்டடமா, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படும் பழங்கட்டடங்களின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியானால் அதே வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகைகளுக்கும் பொதுவாக அந்தப் பாதுகாப்பு உண்டு, அனுமதியில்லாமல் கை வைத்தால் அது கிரிமினல் குற்றம்.

நாரிச்வாசி:
நன்றி, சிமெண்ட் யோசனையைக் கைவிட்டாயிற்று. இன்னொரு சந்தேகம், வண்டிக் கொட்டகையில் மட்டும் கல் கனமாக, பெரிதாக இருக்கிறதே?

செங்கல்பித்தன்:
வரி காரணமாக இருக்கலாம். 1784இல் செங்கலுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள், உடனே சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக அறுக்க ஆரம்பித்தார்கள். 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது, 1850இல் வரியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கல் அளவை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது, கூரை மரத்தின் இணைப்புகளையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.