பதனீர், கருவாடு, தொதல்: ராமநாதபுரம் கரையில் நீங்கள் உண்டதும் குடித்ததும்

ராம்நாட்டுக்காரன்:

ராமநாதபுரம் சாப்பாடு என்றாலே மீன் குழம்பு, நண்டு வறுவல் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை உண்டு. நம் கரையின் ருசியில் பாதி கடலில் இல்லை, பனையில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் வானம் பார்த்த பூமி இது. இங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பது பனை. கொஞ்சம் ஈரத்தை வைத்தே காய்த்துவிடுவது குண்டு மிளகாய். இந்த இரண்டையும் மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் ஊர்ச் சாப்பாடு முழுசாகும். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

போன சித்திரையில் சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு பனங்காட்டுக்கு விடியும் நேரத்தில் போயிருந்தேன். தெரிந்த பனையேறி ஒருவர் வரச் சொல்லியிருந்தார். நான் போவதற்குள் அவர் பாதி மரங்களை முடித்துவிட்டார். இறக்கிய பதனீரைப் பன்னாடையில் வடித்து, பச்சை ஓலையைப் பட்டையாக மடித்து என் கையில் கொடுத்து, தளும்பத் தளும்ப ஊற்றினார்.

"மெதுவா குடிங்க தம்பி. அடியில சுண்ணாம்பு தங்கும், கடைசி வாயைக் கீழ ஊத்திருங்க."

முதலில் வருவது இனிப்பு. விழுங்கிய பிறகு பாளையின் பச்சை வாசம் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கிறது. பாட்டிலில் அடைத்து விற்கும் பதனீரில் எனக்கு அந்த வாசம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்பில்தான் எல்லாக் கைப்பக்குவமும். பாளையிலிருந்து சொட்டும் சாறு வெளியே வந்ததுமே புளிக்கப் பார்க்கும், சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்தால் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகும். குறைந்தால் வெயில் ஏறுவதற்குள் நுரை தட்டிவிடும். எவ்வளவு தடவுவீர்கள் என்று கேட்டேன். விரலைக் காட்டினார், அவ்வளவுதான் பதில்.

மரத்தடியில் அவர் வீட்டம்மா மட்டைகளை வைத்து எரித்துத் தாச்சியில் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் அன்று அதிக நேரம் நின்றது அங்கேதான். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார். நுரை சட்டென்று அடங்கியது. நிறம் தேன்போல மாறியதும் துடுப்பால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டு வரவில்லை. மறுபடி கிளறினார். அடுத்த சொட்டு உருண்டது. உடனே இறக்கி, கிளறிக்கொண்டே இருந்து, ஈரச் சிரட்டைகளில் ஊற்றினார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனீர் வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையைச் சீவிச் சீவிச் சேர்த்த பதனீர் அது. கருப்பட்டி விலையைப் பேரம் பேசுகிறவர்கள் ஒரு காலை அங்கே போய் நின்றுவிட்டு வரவேண்டும்.

அப்புறம் அந்த அடுப்புத் தணலிலேயே சூடைக் கருவாட்டைச் சுட்டு, பழைய சோற்றோடு கொடுத்தார்கள். கருவாட்டு உப்புக்கு மேல் ஒரு வாய் பதனீர். இந்த ஜோடியை எந்த ஓட்டலிலும் நான் பார்த்ததில்லை.

கீழக்கரை மருமகள்:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), பனையைப் பற்றி எழுதிவிட்டுத் தொதல் பலகாரத்தை விட்டுவிட்டீர்களே!

எங்கள் வீட்டில் கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கருப்பட்டி இல்லாத நாளும் இல்லை. நான் பிறந்தது மதுரைப் பக்கம், கல்யாணமாகி வந்த பிறகுதான் தொதல் கிண்டுவதைப் பார்த்தேன். மாமி தேங்காய்ப்பாலை மூன்று தடவையாகப் பிழிந்து தனித்தனியாக வைப்பார். தண்ணிப் பாலில் அரிசி மாவையும் கருப்பட்டிப் பாகையும் கரைத்து முதலில் ஏற்றுவது, கெட்டிப்பால் கடைசியில். அதன் பிறகு கரண்டியை நிறுத்தக் கூடாது. பேச்சு, சிரிப்பு எல்லாம் கிண்டிக்கொண்டேதான். ஒருவர் கை ஓய்ந்தால், "லாத்தா (அக்கா), இங்க குடுங்க" என்று அடுத்தவர் வாங்கிக்கொள்வார். தேங்காய் தன் எண்ணெயைத் தானே கக்கி, உருண்டை சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரைக்கும் கிண்டுவார்கள். பக்கத்தில் நெய்க் கிண்ணம் கிடையாது, அந்தத் தேங்காய் எண்ணெயிலேயே பளபளவென்று வரும்.

சீனி போட்டுச் செய்கிற தொதலும் கடைகளில் கிடைக்கிறது. தப்பில்லை, ஆனால் அது இனிப்பு மட்டும்தான். கருப்பட்டித் தொதலில் இனிப்புக்குக் கீழே லேசான புகையும் துளி உப்பும் இருக்கும். கப்பலோடும் வணிகத்தோடும் வந்த பலகாரம் இது. இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பெயரில் இருக்கிறது. கடல் தாண்டி வந்த பலகாரத்துக்கு இனிப்பை நம் பனை கொடுத்திருக்கிறது, அதுதான் எனக்குப் பெருமை.

பாம்பன் தம்பி:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பதனீர் நன்றாக இறங்குவதும் அந்தச் சமயத்தில்தான். அப்போது கரைக்கு வருவது நாட்டுப்படகு மீன்: நகரை, ஊளி, கணவாய், கொஞ்சம் நண்டு. அளவு குறைவு, ஆனால் அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே சட்டிக்கு வந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "தடைக்காலத்தில் மீன் கிடைக்காது" என்று பயணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். நான் அந்த மாதங்களில்தான் வரச் சொல்வேன்.

குழம்புக்குக் குண்டு மிளகாய் போடுங்கள். தோல் தடிப்பாக இருப்பதால் அரைத்தால் குழம்பு தானாகவே கெட்டிப்படும், நிறமும் இறங்கும், காரம் வயிற்றை எரிக்காது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பங்குனி, சித்திரையில் ஆர்.எஸ். மங்கலம், முதுகுளத்தூர் பக்கம் போனால் களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

வைகைக்கரையான்:

எனக்கு அழகன்குளம். வைகை கடலில் சேரும் இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து எங்கள் ஊரில் பல முறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகளும், ஆம்போரா என்கிற இரண்டு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் கப்பலேறியது அந்த மாதிரிச் சாடிகளில்தான்.

அகழாய்வுக் குழியை வேடிக்கை பார்க்கப் போனபோது அப்படி ஓர் ஓட்டுத் துண்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் தடிப்பு, நம் பானை ஓட்டைவிடச் சொரசொரப்பு, உடைந்த விளிம்பில் மணல் மணலாகத் தெரிந்தது. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலை, அதாவது மதுவை, பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழ்வாய் என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. அந்தத் தேறல் இறங்கிய துறைகளில் எங்கள் ஊரும் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தபோது மேல் சிலிர்த்தது. அரசனுக்குக் கப்பலில் வந்தது. சாடியை இறக்கிய ஆட்கள் எதைக் குடித்திருப்பார்கள்? அவர்களுக்கு இந்த மண்ணின் கள்ளும் பதனீரும்தான் என்பது என் ஊகம்.

ராம்நாட்டுக்காரன்:

வைகைக்கரையாரே, இதை நான் எதிர்பார்க்கவில்லை. மீன் சாறும் சேர்ந்து வந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. கருவாட்டு ஊருக்கே மீன் சாறா!

கள் பேச்சு வந்ததால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள் இறக்கத் தடை. அதற்கு முன்பு கள்ளும் சுட்ட மீனும் எப்படி ஒன்றாகப் போயின என்று என் அப்பா காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் குடித்ததில்லை. சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணம் போனபோது ஒரு தவறணையில் (கள்ளுக்கடையில்) ஓலையில் மடித்த பிளாவில் பனங்கள் கொடுத்தார்கள். அங்கே அதற்குத் தடை இல்லை. லேசான புளிப்பு, லேசான நுரை, பக்கத்தில் உறைப்பான நண்டுக் கறி. உறைப்பை அந்தப் புளிப்பு அடக்கிய விதத்தைப் பார்த்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் இதே மரமும் இதே நண்டும் இருந்தும் ஜோடி மட்டும் பிரிந்து கிடக்கிறதே என்று வருத்தமாக இருந்தது. குடியால் குடும்பங்கள் படுகிற பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் பெருந்தொழிற்சாலைச் சாராயத்தைக் கடை வைத்து விற்கிற மாநிலத்தில், மரமேறியின் கலயத்துக்கு மட்டும் தடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற ஆள் குறைந்துகொண்டே போகிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொன்னது நல்ல காரியம், ஆனால் மரம் நின்றால் மட்டும் போதுமா, ஏற ஆள் வேண்டாமா?

சென்னைவாசி:

அண்ணே, புரட்டாசியில் ராமேஸ்வரம் வருகிறோம். அப்போது பதனீர் கிடைக்குமா? நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ராம்நாட்டுக்காரன்:

புரட்டாசியில் கிடைக்காது தம்பி. தை, மாசியில் பாளை விடத் தொடங்கினால் ஆடி வரைக்கும்தான். நீங்கள் வரும் புரட்டாசியில் பனம்பழம் கிடைக்கலாம், சுட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். பனங்கிழங்குக்குப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டும்.

கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிபோல மின்னினால் வேண்டாம், கலப்படமாக இருக்கும். நல்லது மங்கலாக, கரும்பழுப்பாக இருக்கும், வாயில் போட்டால் உப்பு கலந்த இனிப்பாக மெதுவாகக் கரையும். ரோட்டோரம் விலை மலிவாகத் தொங்கும் பாக்கெட்டை நம்பாதீர்கள். சாயல்குடிப் பக்கம் வந்தால், காய்ச்சுகிற வீட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கருப்பட்டிதான் இருக்கும், புதுசு பங்குனிக்கு மேல்தான்.